மூன்று ஊர்களில் இருந்த மர அணில்கள்

தொண்ணூறுகளின் பிற்பாதி, ஒரு கார்த்திகை மாதம். ராஜபாளையத்தில் ஒரு சிறிய கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். மலை மர அணில்களைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்த ஜானகி, ஐந்து வருடக் குறிப்புகளை இரண்டு வருடம் முன்பு அங்கேதான் தட்டச்சு செய்து முடித்திருந்தாள். எந்த மரத்தில் கூடு, எத்தனை குட்டி, கூடவே வரைபடங்கள். ஆய்வேட்டைக் கொடுக்க நான்கு நாள் இருக்கும்போது ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது. காகிதக் குறிப்பேடுகளை அதற்கு முன்பே கரையான் தின்றிருந்தது.

மிச்சம் இருந்தது, தட்டச்சு முடிந்ததுமே மூன்று ஊர்களில் கொடுத்துவைத்த மூன்று ஃப்ளாப்பிகள். கோப்பு ஒரு ஃப்ளாப்பியில் அடங்காது, இரண்டு வேண்டும். "ஊருக்கு ஒரு முழுக் காப்பி வைங்கண்ணே" என்று ஜானகி அப்போது சொன்னாள். அதற்கு ஆறு வேண்டும், கையில் இருந்தது மூன்றுதான். அதனால் கோப்பை இரண்டு பாதியாகப் பிரித்தேன். கம்ப்யூட்டருக்கு எல்லாமே பூஜ்யமும் ஒன்றும்தான். இரண்டு பாதியிலும் ஒரே இடத்தில் ஒரே எண் இருந்தால் மூன்றாவது ஃப்ளாப்பியில் பூஜ்யம், வேறுபட்டால் ஒன்று. மூன்றில் எது தொலைந்தாலும் மற்ற இரண்டையும் ஒப்பிட்டு அதைத் திரும்ப எழுதிவிடலாம். இரண்டு போனால் எல்லாம் போச்சு. வித்தை காட்டும் ஆசையும் எனக்கு இருந்தது, ஒளிப்பானேன்.

காலை 7.10 பஸ்ஸில் தேவதானம் கிளம்பினோம். பதினாலு கிலோமீட்டர், டிக்கெட் மூன்று ரூபாய். மலை முழுக்க மேகத்துக்குள் இருந்தது. இடையில் கொஞ்சம் விலகும்போது ஒரு பாறை மட்டும் வானத்தில் தனியாக மிதந்தது. ஈரமான வயல்கள் ஜன்னலோரம் நழுவிப் போயின.

முதல் ஃப்ளாப்பி அவளுடைய சித்தி வீட்டில். தெலுங்கு பேசும் குடும்பம், "பின்னி" என்று கூப்பிட்டாள். அந்த அம்மா சிரித்தபடி உள்ளே கூட்டிப்போனார்.

"எலி கடிச்சிரக் கூடாதுன்னு உசரத்துல வச்சிருக்கேன் தம்பி."

அது பாட்டுப்பெட்டியின் ஸ்பீக்கர் மேல் இருந்தது. உள்ளே எம்புட்டுப் பெரிய காந்தம் என்று எனக்குத் தெரியும், காந்தம் பக்கத்தில் இருந்தால் ஃப்ளாப்பியில் எழுதியது அழிந்துவிடும் என்றும் தெரியும். சித்தி கொடுத்த காப்பியை வேகமாகக் குடித்துவிட்டு ஃப்ளாப்பியை எடுத்துக்கொண்டேன்.

"போயிருச்சாண்ணே?" தெருவுக்கு வந்ததும் ஜானகி கேட்டாள்.

"போயிருக்கும்னுதான் நெனைக்கேன். மத்த ரெண்டும் இருந்தாப் போதும்."

ராஜபாளையம் திரும்பி, பஸ் மாறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கும்போது 11.20. தேர் வீதியெல்லாம் தூறல். கோபுரத்தின் மேல் பாதி மேகத்தில் கரைந்திருந்தது. ஜானகியின் தோழி வேதவல்லி பட்டுப்புடவை மடிப்புக்குள்ளிருந்து இரண்டாவதை எடுத்துத் தந்தாள். "செத்த நேரம் இருந்து சாப்பிட்டுப் போங்களேன்." நாங்கள் நிற்கவில்லை.

கிருஷ்ணன்கோவில் இன்னும் பதினொரு கிலோமீட்டர். அங்கே கல்லூரி லேபில் வேலை பார்த்த என் நண்பன் முருகேசனிடம் மூன்றாவது ஃப்ளாப்பியும் இருந்தது, கம்ப்யூட்டரும் இருந்தது.

தேவதானம் ஃப்ளாப்பியைப் போட்டோம். வெறுமை. அவனுடையது சட்டென்று திறந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஃப்ளாப்பிக்கு டிரைவ் கரகரவென்று மூன்று முறை திணறியது. ஜானகி என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். அது அவளுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். நான்காவது முறை படித்தது. தொலைந்த பாதியை மெஷின் எழுதி முடிக்க ஆறு நிமிடம்.

"வந்துருச்சுலே!" என்று முருகேசன் என் முதுகில் அடித்தான்.

ஜானகி மெதுவாகப் பக்கங்களை நகர்த்தினாள். ஒரு வரியில் நின்றாள். ஓடைக்கரை மருதமரம், இரண்டு குட்டி.

"இந்த மரம் போன மழையில விழுந்துருச்சுண்ணே" என்றாள். பிறகு நீண்ட நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே தூறல் நின்று, மலை முழுசாகத் தெரிந்தது. ஆய்வேடு குறித்த நாளில் போய்ச் சேர்ந்தது.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் கார்த்திகை, மார்கழியில் வாருங்கள், குடை அவசியம். அணில் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்கு விடிந்ததும் போங்கள், கிளைகள் ஒன்றோடொன்று தொடும் இடத்தில் அண்ணாந்து நில்லுங்கள். முக்கியமானதைச் சேமிக்கிறவர்களுக்கு: ஒரே வீட்டில் வைக்காதீர்கள், வைத்ததை வருடம் ஒருமுறை திறந்து பாருங்கள். நான் வைத்துவிட்டு இரண்டு வருடம் எட்டிப் பார்க்கவில்லை. அன்று தப்பித்தது என் கணக்கால் பாதி, வேதவல்லியின் பட்டுப்புடவையால் பாதி.