முனியாண்டி என்றொரு விஞ்ஞானி

ஆராய்ச்சிக் கட்டுரைகளை அலசி வரைபடம் போடும் தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு: நாம் என்ன வேலை செய்கிறோம் என்று வீட்டில் யாருக்கும் புரியாது, அதனால் சும்மாதான் இருக்கிறோம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து, ஒரு பக்கம் பிள்ளையின் ஆன்லைன் வகுப்பும் மறுபக்கம் வெங்காயம் உரிப்பதுமாக ஆபீஸ் வேலை பார்த்த அன்பர்களே, இது உங்களுக்குத்தான். நான் பட்ட பாடு சொல்லாமலே உங்களுக்குப் புரியும்.

சிவப்பு வட்டம்

முதலில் என் வேலை. கிருமியைப் பற்றி யார் யாரோ எழுதிய கட்டுரைகளையெல்லாம் கம்ப்யூட்டருக்குள் கொட்டினால், எந்த விஷயம் அதிகம் அடிபடுகிறது, எவர் எவரோடு சேர்ந்து எழுதுகிறார் என்று அது வட்டம் வட்டமாகப் போட்டுக் காட்டும். நிறைய எழுதினால் பெரிய வட்டம். ஒரே கூட்டம் என்றால் ஒரே நிறம். அதைப் பார்த்து, ஆராய்ச்சிக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று நான் அறிக்கை எழுத வேண்டும்.

புக்கிட் காத்தில் என்ற ஊரில் இருக்கும் என் வீட்டில் வெளிச்சத்துக்காக ஜன்னலோரம் உட்காருவேன். பக்கத்து வீட்டு அந்தோணி அங்கிள், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் என் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், இதில் எது நம்ம தாமான், இந்தக் குடியிருப்பு எங்கே இருக்கிறது என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார். நோய் பரவுகிற இடத்தின் படம் இல்லை அங்கிள், நோயைப் பற்றி எழுதுகிறவர்களின் படம் என்று மூச்சு வாங்க விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார், தலையை ஆட்டினார், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதெல்லாம் சரி தம்பி. அந்தச் சிவப்பு வட்டம் மட்டும் நம்ம லோரோங் சந்துப் பக்கம் வராம பாத்துக்கோ லா."

இறாலுக்கு வந்த யோகம்

எண்ணெய் எடுக்கும் செம்பனையின் நோயை ஆராய்ந்தவர், ஆற்றுத் தண்ணீரை ஆராய்ந்தவர், பள்ளிக்கூட மேசையின் உயரத்தை ஆராய்ந்தவர் எல்லாரும் மூட்டை முடிச்சோடு கிருமியின் பக்கம் கிளம்பிவிட்டார்கள் என்று முதல் படத்திலேயே தெரிந்துபோயிற்று. செர்காமில் இருக்கும் என் கூட்டாளி சேகர் இறால் வளர்ப்பைப் பற்றி வருஷக்கணக்காக எழுதுகிறவன். அவன் வட்டம் எப்போதும் ஒரு மூலையில் மிளகு அளவில்தான் கிடக்கும். திடீரென்று பார்த்தால் படத்தின் நடுவில் சுண்டைக்காய் அளவில் வந்து நிற்கிறது. உனக்கும் கிருமிக்கும் என்னடா சம்பந்தம் என்று போன் போட்டேன். கட்டுரைத் தலைப்பில் ஊரடங்கைச் சேர்த்தானாம், உடனே ஆய்விதழ்க்காரர்கள் கேட்டு வாங்கிப் போட்டார்களாம். கொஞ்சமாவது வெட்கப்பட வேண்டுமே, கிடையாது. "உள்ள அதே இறால்தான் மச்சான், மாஸ்க் மட்டும் போட்டு விட்டேன்."

அப்பாக்களின் படம்

அடுத்து நம் நாட்டில் யார் அதிகம் எழுதுகிறார்கள் என்ற படம். எந்தெந்த ஆராய்ச்சிக்கு ஒப்பந்தத்தை நீட்டிப்பது என்று ஒரு குழு முடிவு செய்யவிருந்தது, அவர்கள் பார்க்கப்போவது இதைத்தான். படம் வந்ததும் விழித்தேன். எல்லாரையும் விடப் பெரிய வட்டத்தில் முனியாண்டி என்று போட்டிருந்தது. அப்படியொரு விஞ்ஞானியை நான் கேள்விப்பட்டதே இல்லை.

நோண்டிப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அடையாள அட்டையில் முதலில் நம் பெயர், கடைசியில் அப்பா பெயர். வெளிநாட்டு மென்பொருளுக்கு இது எப்படித் தெரியும்? கடைசியில் நிற்பவர்தான் எழுதியவர் என்று பிடித்துக்கொண்டு, பிள்ளை எழுதியதையெல்லாம் அப்பா தலையில் கட்டிவிட்டது. நாட்டில் எத்தனை முனியாண்டிகளுக்குப் படித்த பிள்ளைகள் உண்டோ அத்தனை பேரும் அந்த ஒரே வட்டத்துக்குள் அடைந்து கிடந்தார்கள்.

அதில் ஒருத்தி கலைவாணி, மெர்லிமாவ் ஊர்ப் பெண். ஊரடங்கில் செம்பனைத் தோட்டத்துச் சிறுநீரக நோயாளிகள் டயாலிசிஸுக்குப் போக வண்டி கிடைக்காமல் பட்ட அவதியை ஒவ்வொருவரையும் விசாரித்து எழுதியவள். அவளுடைய ஒப்பந்தமும் முடியும் தறுவாயில் இருந்தது. படத்தில் அவள் பெயரில் ஒரு புள்ளி கூட இல்லை. குழு இதைப் பார்த்தால் அவள் வேலை போய்விடும், அந்த நோயாளிகளை அப்புறம் தேடிப்போய் விசாரிக்கவும் ஆளிருக்காது. எங்கள் தலைவி டாக்டர் ஜெசிந்தாவோ, நேரமில்லை, அடியில் ஒரு குறிப்பு எழுதிவிட்டு அனுப்பு என்றார். மனசு கேட்காமல் கலைவாணிக்கே அந்தப் படத்தை அனுப்பி, போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "அப்ப எங்கப்பாவுக்குத்தான் கான்ட்ராக்ட் குடுப்பாங்க போல, அண்ணே. அவருக்கு லாரி மட்டுந்தான் ஓட்டத் தெரியும்."

அப்பா பேர் என்ன?

டாக்டர் ஜெசிந்தாவிடம் கெஞ்சிக் கூத்தாடி வாரக்கடைசி வரை அவகாசம் வாங்கினேன். பல கட்டுரைகளில் பிள்ளையின் பெயர் வெறும் முதலெழுத்தாகத்தான் இருந்தது. எது எவர் எழுதியது என்று பிரிக்க ஒரே வழி, ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்பதுதான். இந்தக் காலத்தில் முன்பின் தெரியாத ஆள் போன் போட்டு உங்கள் அப்பா பேர் என்ன என்று கேட்டால் என்ன நடக்கும்? பாதிப் பேர் படக்கென்று வைத்துவிட்டார்கள். ஒருவர் என் அப்பா பேரை முதலில் சொல்லச் சொன்னார். ஜொகூரில் ஒரு டாக்டர் பெண் மட்டும் நான் கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னாள், தான் எழுதிய கட்டுரைகளையும் வரிசையாகச் சொன்னாள். நல்ல பிள்ளை என்று மனதுக்குள் வாழ்த்திக்கொண்டே நன்றி சொல்லப் போனேன். "சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிட்டேன். அடுத்து பேங்க் நம்பர் கேட்டீங்கன்னா நேரா போலீஸ்தான் அண்ணே."

மெர்லிமாவில் ஒரு தே

எப்படியோ பிரித்து முடித்தேன். முனியாண்டி வட்டம் சிதறி, பிள்ளைகள் அவரவர் பெயரில் எழுந்து நின்றார்கள். கலைவாணியின் வட்டம் அப்படியொன்றும் பெரியதில்லை. ஆனால் ஒரு பக்கம் ஆஸ்பத்திரிக்காரர்கள், இன்னொரு பக்கம் தோட்டத் தொழிலாளர்களைப் பற்றி எழுதுகிறவர்கள், இரண்டு கூட்டத்துக்கும் நடுவே ஓடிய கோடு அவளுடையது மட்டும்தான். டாக்டர் ஜெசிந்தாவே அதைப் பார்த்துவிட்டு, அடிக்குறிப்பு வேண்டாம், இந்தப் படத்தை முதல் பக்கத்தில் போடு என்றார். குழு ஒப்பந்தத்தை நீட்டியது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தில் வெங்காயம் கூட யாரும் சொல்லாமலே உரித்தேன்.

சாலைகள் திறந்ததும் கலைவாணி வீட்டுக்குக் கூப்பிட்டாள். வாசலிலேயே ஒரு வில்லங்கத்தைச் சொன்னாள். அந்தப் பழைய முனியாண்டி படத்தை நான் அனுப்பியபோது அதை விளையாட்டாகக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறாள். செம்பனைக் குலை லாரி ஓட்டி ஓய்ந்த அவள் அப்பா, தன் பெயர்தான் நாட்டிலேயே பெரிய வட்டம் என்று சாப்பாட்டுக் கடையில் ஒருவர் விடாமல் காட்டியிருக்கிறார். அது தப்புப் படம் என்று சொல்ல வீட்டில் யாருக்கும் மனசு வரவில்லை.

அந்த முனியாண்டி அங்கிள்தான் எதிரில் உட்கார்ந்து எனக்குச் சூடாக ஒரு குவளைத் தே ஊற்றிக்கொடுத்தார். அவர் வட்டத்தை உடைத்தவனே நான்தான். போனில் புதுப் படத்தைத் திறந்து மகளின் வட்டத்தைக் காட்டினேன். என்னுது எங்கே என்று கேட்டார். கம்ப்யூட்டர் தவறு அங்கிள், நீங்கள் இதில் இல்லை என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். அவர் போனை வாங்கினார். விரலால் பெரிதாக்கி, வட்டத்துக்குள் இருந்ததை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்: கலைவாணி முனியாண்டி. திரும்ப ஒருமுறை படித்தார். "இப்பத்தான் தம்பி சரியா இருக்கு. அவ முன்னால நிக்கிறா, நான் பின்னால நிக்கிறேன். இதையும் எனக்கு அனுப்பி விடு லா, கடையில காட்டணும்."

ஆராய்ச்சி உலகம் எந்தத் திசையில் போகிறது என்று கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கிய நான், உருப்படியாகக் கண்டுபிடித்தது யார் யாருடைய பிள்ளை என்பதை மட்டும்தான்.