செல்லோடேப் ஒட்டிய கேசட்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு, தொண்ணூற்று ஒன்றில் அண்ணனுடைய வீடியோ கடைதான் உத்தியோகம். படப்பை பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அண்ணன் கம்பெனி ஷிப்டுக்குப் போய்விடுவான். படக் கேசட்டை வாடகைக்குக் கொடுப்பது, கல்யாணக் கேசட்டுக்குக் காப்பி போடுவது எல்லாம் நான். கடையைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். பாதி வழி போய், மனசு கேட்காமல் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பேன். அப்படிப்பட்டவளை நம்பித்தான் அந்த நிருபர் தன் கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு சின்ன வாரப் பத்திரிகையில் வேலை பார்த்தார். குன்றத்தூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். எமர்ஜென்சி காலத்தில் பத்திரிகைகள் எப்படி வாயை மூடிக்கொண்டன என்று ஒரு டாக்குமெண்டரி எடுத்துக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்குப் படம் பிடிக்கிற கேமராவைத்தான் இரவல் வாங்கியிருந்தார்.

"இன்னா சார், இத யாரு பாப்பாங்க? பாட்டு கீதா, சண்ட கீதா?"

"ஒண்ணும் இல்ல. நீ ஒருத்தி பாரு, போதும். எங்க ஆபீஸ்ல ஒருத்தனும் என்ன சார்னு கூப்புடறதில்ல. ஒனக்காகவே எடுத்தேன்னு வெச்சுக்கோ."

கேசட்டின் முதுகில் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் சில்லு இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேற்கொண்டு எதுவும் பதிவாகாது. என் எதிரிலேயே பேனா முனையால் அதை உடைத்தார். "இனிமே எவனாலயும் அழிக்க முடியாது" என்றார். நான் தலையாட்டி வாங்கிக்கொண்டேன். அந்தப் பள்ளத்தின் மேல் ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டினால் மறுபடி பதிவாகும் என்பது கேசட் கடைக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். பழைய படக் கேசட்டுகளில் தினமும் நான் செய்கிற வேலைதான்.

காப்பி போட இரண்டு டெக் வேண்டும். ஒன்று மெக்கானிக்கிடம் இருந்தது. "வந்ததும் போட்டு வெக்கறேன் சார்" என்றேன். அதுவரைக்கும் உலகத்தில் அது ஒரே கேசட்தான்.

மத்தியானம் போட்டுப் பார்த்தேன். குன்றத்தூர் அச்சகத்தில் எழுத்துக் கோத்த ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பேச ஒப்புக்கொண்ட ஒரே ஆள் அவர்தானாம். விசாரணைக்கென்று போலீஸ் கூட்டிப்போன ஒரு பையன் அந்தக் காலத்தில் வீடு திரும்பவில்லை. அவன் அம்மா சொன்னதை ஒரு பத்திரிகைக்காக அவர் கோத்திருக்கிறார்.

"அச்சு ஏத்தறதுக்கு முந்தின நாளு எங்களுக்கே பயம் வந்துடுச்சு. எவனும் வந்து நிறுத்துன்னு சொல்லல சார். கோத்த எழுத்த நாங்களே கலச்சுட்டோம். அந்த எடத்துல பல்பொடி விளம்பரம் ஒண்ண வெச்சு ரொப்பினோம். அந்தம்மா தெனம் வந்து நிக்கும், எம் புள்ள பேரு வந்துச்சாப்பான்னு."

அப்புறம் அந்தப் பையனின் பெயரை இரண்டு தடவை சொன்னார்.

எப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளிகள் என்று நினைத்துக்கொண்டு டெக்கை அணைத்தேன்.

அந்த வாரம்தான் ஸ்ரீபெரும்புதூர் கூட்டத்தில் குண்டு வெடித்தது. விடிந்தால் பஸ் இல்லை, கடைகள் சாத்திக் கிடந்தன. குழாயடியில் ஒரே பேச்சு. "கேமரா வெச்சுகினு இருந்தவன எல்லாம் இட்டுகினு போறாங்களாம்." "கேசட்டு கடையாண்டயும் வருவாங்களாம்." யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. எனக்கு அந்த 'லாம்' போதுமானதாக இருந்தது.

கேசட்டை அரிசி டின்னுக்குள் வைத்தேன், எடுத்தேன். சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன், எடுத்தேன். திருப்பிக் கொடுக்கலாம் என்றால் குன்றத்தூருக்குப் போக வழியில்லை. கடை அண்ணன் பெயரில் இருந்தது. விசாரணைக்குப் போய்த் திரும்பாத பையனை நினைத்தால் அண்ணன் முகம்தான் வந்தது. மூன்றாம் நாள் காலை கடையை உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டு, ஒரு துண்டு செல்லோடேப்பைக் கிழித்து ஒட்டி, டிவியில் ஓடியதை அதன் மேல் பதிவு செய்தேன். அப்போது இருந்தது அரசாங்க டிவி ஒன்றுதான். பூமாலைகள், ஜனங்களின் வரிசை, இடைவிடாத சோக வாத்தியம். அச்சுக்காரர் பேசியிருந்த நேரம் முழுவதும் டெக்கின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போலீஸ் வரவில்லை. அந்த வாரமும் வரவில்லை, அந்த வருஷமும் வரவில்லை.

நிருபர்தான் வந்தார். டெக் நாடாவைத் தின்றுவிட்டது என்று சொல்ல ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவர் கேசட்டை வாங்கியதும் முதுகைத்தான் பார்த்தார். செல்லோடேப்பை நகத்தால் தடவினார்.

"யாராச்சும் வந்து கேட்டாங்களா தங்கச்சி?"

"இல்ல சார்."

"போட்டுக் காட்டு."

போட்டேன். வாத்தியம் கடை முழுக்கக் கேட்டது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சத்தத்தக் கொற" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. கேசட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனவர் அதற்கப்புறம் கடைப் பக்கம் வரவில்லை.

பத்து நாள் கழித்து நானே குன்றத்தூர் போய் அச்சுக்காரர் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தேன். கைலியோடு வாசலில் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கேசட்டை அழித்தவள் நான்தான் என்றேன். இன்னொரு தடவை கேமரா முன்னால் பேச முடியுமா என்று கேட்டேன்.

"வாணாம்மா. ஒரு தபா சொன்னதுக்கே மூணு நாளு சோறு எறங்கல. இப்ப காலமும் நல்லால்ல."

"அந்தப் பையன் பேரு போயிடுமேண்ணே."

சட்டையை உதறிக் கொடியில் போட்டார். "அது எங்க போவுது? ஒனக்குத் தெரியும் இல்ல? நீ சொல்லு."

தெரியும். இன்றைக்கும் தெரியும். இந்தப் பக்கங்களை மூன்று தடவை எழுதிவிட்டேன். மூன்றிலும் அந்தப் பெயர் வரவேண்டிய இடத்தில் 'பையன்' என்றே எழுதியிருக்கிறேன்.