காலையில் மருந்தடித்தவர்

நறுவிலிக்குளத்தில் மண்பானையில் தேனீ வளர்க்கிறேன். பக்கத்துத் தோட்டத்துக் கத்தரிக்காய்க்காரரிடம், "காலமை மருந்தடியாதேங்கோ, என்ர தேனீயள் பூவுக்கு வாற நேரம்" என்று ஓயாமல் சண்டை பிடித்தேன். பாவம் மனிதர், மாலைக்கு மாறிவிட்டார்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்தால், பானை வாசலில் தேனீக்கள் செத்துக் கிடந்தன. வேலியடியில் நின்று அவரைத் திட்டித் தீர்த்தேன். அவர் நிதானமாக என் மிளகாய்ச் செடிகளைக் காட்டினார்.

"பூசைக்குப் போக முதல் இதுக்கு ஆர் மருந்தடிச்சது?"

அடித்தது நான்தான். இலை சுருண்டதைக் கண்ட பதற்றத்தில் தேனீயே நினைவில் இல்லை.

அன்றிலிருந்து மாலையில் மருந்துத் தாங்கியைத் தோளில் கொளுவியதும், "தேனீயள் வீட்ட வந்திட்டுதுகளோ?" என்று ஊருக்கே கேட்கக் கத்துகிறார். நான் "ஓம்" என்று முனகும்வரை அடிக்கத் தொடங்குவதே இல்லை.