சொந்த வீடு என்ற கட்டம்

மண்சரிவுக்குப் பிறகு எங்கள் அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடமே முகாமாகிவிட்டது. அங்கே ஆசிரியராக இருந்த நான்தான் எல்லோருக்கும் நிவாரணப் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். 'சொந்த வீடு' என்ற கட்டத்தில் யாரையும் கேட்காமலே 'இல்லை' என்று எழுதினேன். நாங்கள் குடியிருந்த லயத்துக் காம்பரா, அந்த வரிசை வீட்டு ஒற்றை அறை, தோட்டத்துக்குச் சொந்தம். அதில் கேட்க என்ன இருக்கிறது?

கொழுந்து பறிக்கும் ஸ்டெல்லாக்காவின் முறை வந்தது. அவருடைய ஒரே மகள் மண்ணுக்குள் போய் ஒன்பது நாளாகியும் உடல் கிடைக்கவில்லை. நான் எழுதுவதைப் பார்த்து என் கையைப் பிடித்தார்.

"இல்லைன்னு எழுதாதீங்க மாஸ்டர். இன்னும் இல்லைன்னு எழுதுங்க."

"யாரு கட்டித் தரப்போறாங்க அக்கா?"

"வேதத்துல இருக்குங்க. அவங்கவங்க கட்டுன வீட்டுல அவங்கவங்களே குடியிருப்பாங்களாம். செத்தவங்களும் எந்திரிச்சு வருவாங்களாம். எம்புள்ள வந்தா எங்க போயி நிப்பா?"

எனக்கு எரிச்சலாக இருந்தது. "அதெல்லாம் மோட்சத்துலக்கா" என்றேன்.

"இல்லைங்க, இந்த மண்ணுலதான். ஆண்டவரு புதுசாக்கித் தருவாரு" என்று ஈரத் தரையைத் தொட்டுக் காட்டினார்.

மகளை விழுங்கிய மண் அது. 'இல்லை'க்கு முன்னால் இருந்த இடுக்கில் 'இன்னும்' என்று நுணுக்கி எழுதினேன்.

மகள் கடைசிவரை கிடைக்கவில்லை. எனக்கு அவ்வளவு விசுவாசமும் கிடையாது. இன்றும் மழை பெய்தால் பயந்துபோய் மலையைத்தான் பார்க்கிறேன். ஆனால் அன்று கடைசியாக என் படிவத்தை எடுத்தேன். நானும் லயத்தில் பிறந்து லயத்திலேயே இருப்பவன். அந்தக் கட்டத்தில் என் கை இரண்டு சொற்களாக எழுதியது.