பூட்டனின் பெயர் இருந்த இடாப்பு

அவர் முதல்முறை எங்கள் பதிவுக் கந்தோருக்கு வந்தபோது நான் வவுனியாவில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஐம்பதுகளின் நடுப்பகுதி. பழைய பிறப்பு இறப்புப் பதிவுப் புத்தகங்களான இடாப்புகளைத் தேடிப் பார்த்து, கேட்டு வருபவர்களுக்குப் பிரதி எழுதிக் கொடுப்பது என் வேலை. எனக்கு இருபத்தைந்து வயது. அவருக்கு நாற்பத்தைந்துக்கு மேலே இருக்கும். நான் அவரை ‘நீ’ என்றேன், அவர் என்னை ‘ஐயா’ என்றார். அன்று அது எனக்குப் பிழையாகப் படவில்லை.

மலைநாட்டில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். அங்கே வேலை போனபின் பெண்சாதி பிள்ளைகளோடு வன்னிக்கு வந்து, மல்லாவிப் பக்கம் ஒருவருடைய காணியில் காடு வெட்டிக்கொண்டிருந்தார். அங்கே ஒரு குளத்துக்குக் கீழே அரசாங்கம் வயற்காணி பிரித்துக் கொடுக்கப் போகிறது என்று கேள்விப்பட்டு மனுப் போட்டிருக்கிறார். மனுவைப் பார்த்தவர்கள், இந்த நாட்டுப் பிரஜை என்பதற்கு அத்தாட்சி கொண்டு வரச் சொல்லிவிட்டார்கள். அவர் பிறந்ததற்கு அத்தாட்சித் துண்டு இருந்தது. அது போதாது. அவருடைய தகப்பனும் இங்கேதான் பிறந்தார் என்று காட்ட வேண்டும். அப்போதைய சட்டம் அப்படி.

“எங்கப்பா தோட்டத்துல பொறக்கலீங்க ஐயா,” என்றார். “மன்னார் ரோட்டுல, செட்டிகுளத்துப் பக்கம், ஆளுங்க தங்கிப்போற கொட்டகையில பொறந்தாரு. நடந்து வந்த கூட்டத்துல பாட்டிக்கு வலி கண்டிருச்சு. பெத்த அன்னைக்கே பாட்டி செத்துப்போச்சு. அங்கேயே பொதச்சுட்டு, பிள்ளையத் தூக்கிக்கிட்டுத் தாத்தா மலைக்குப் போயிட்டாரு.”

அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, எங்கள் காடுகளுக்குள்ளால் நடந்துதான் மலைக்குப் போனார்கள். காய்ச்சலும் கொலராவும் வந்து வழியிலே செத்தவர்கள் ஏராளம். எங்கள் ஊரே செட்டிகுளத்துக்கு அருகில்தான். அதனால் அவர் சொன்னதை நான் நம்பாமல் இல்லை.

பாட்டியின் பெயரையும் தாத்தாவின் பெயரையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு பிறப்பு இடாப்பின் பெயரட்டவணையைப் புரட்டினேன். பத்து நிமிஷம்கூட ஆகியிராது.

“இல்லை,” என்றேன்.

“பொதச்சதுக்கு ஏதும் புத்தகம் இருக்குமாங்க?”

“அப்பிடி ஒண்டும் இஞ்சை இல்லை.”

இருந்ததோ இல்லையோ எனக்குத் தெரியாது. கந்தோரின் பின்னறையில் பழைய கட்டுகள் கூரை முட்டக் கிடந்தன. கறையானும் வௌவால் எச்சமுமாக இருந்த அந்த அறைக்குள் யாரும் போவதில்லை. நான் அன்று வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தேன். உண்மையில் அதுதான் காரணம்.

அவர் கோபிக்கவில்லை. “மெதுவாப் பாருங்க ஐயா, நான் அடுத்த மாசம் வர்றேன்,” என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாசம் சொன்னபடி வந்தார். விடியமுன் காட்டுப்பாதையால் நடந்து மாங்குளத்துக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். கால் முழங்கால்வரை செம்மண்ணாக இருந்தது. நான் அந்த ஒரு மாசத்தில் ஒரு புத்தகத்தையும் தொடவில்லை.

“தேடிக்கொண்டுதான் இருக்கிறன்,” என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்த நாட்களில்தான் எனக்குக் கலியாணம் பேசினார்கள். பெண் பருத்தித்துறைப் பக்கம். தகப்பன் பள்ளிக்கூட வாத்தியார். கலியாணத் தரகர் என்னிடம் தனியாகச் சொன்னார்: “தம்பி, வன்னி ஆக்கள் எண்டால் அங்கை கொஞ்சம் யோசிப்பினம். பூர்வீகம் கேட்டால் சொல்லிக்கொள்ள ஏதும் இருக்கோ?”

“என்ரை பூட்டன் உடையாராய் இருந்தவர்,” என்றேன்.

எங்கள் வீட்டில் சொல்லிவந்த கதை அவ்வளவு பெரியதல்ல. அப்பாவின் பாட்டன் அரசாங்கச் சம்பளம் வாங்கினவர் என்பது மட்டும்தான் அப்பாவுக்குத் தெரியும். அதை, ஊரை நிர்வகிக்கும் உடையார் வேலையாக வளர்த்தெடுத்தவன் நான். கந்தோரில் தலைமைக் கிளாக்கரிடம் பூட்டனின் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பெருமையடித்திருக்கிறேன். பலமுறை சொன்னதில் எனக்கே அது உண்மையாகிவிட்டது. எழுத்தில் ஓர் அத்தாட்சி எடுத்துவிட்டால் வாத்தியார் வீட்டில் தலைநிமிர்ந்து உட்காரலாம் என்று நினைத்தேன். அதற்காகப் பின்னறையைத் திறந்தேன்.

இரண்டு கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுவதும் அங்கேதான் இருந்தேன். சனிக்கிழமைகளிலும் போனேன். பழைய சாறம் ஒன்றை உடுத்திக்கொண்டு, மூக்கில் லேஞ்சியைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு கட்டாக அவிழ்த்தேன். அந்த மனிதருக்காகத் திறக்க முடியாத கதவு எனக்காக இலேசாகத் திறந்துகொண்டது.

முதலில் பழைய குடிசன மதிப்புப் பட்டியல் ஒன்று கிடைத்தது. ஊர் ஊராக, வீடு வீடாக எழுதியிருந்தார்கள். எங்கள் ஊரில் பூட்டனின் வீடு இருந்தது. பூட்டன், பூட்டி, பிள்ளைகள். தொழில்: கமம், வெறும் வயல் வேலை. உடையார் என்று வேறு யாரோ ஒருவருடைய பெயர் இருந்தது. அந்த வேலை பூட்டனுக்குப் பிறகு கிடைத்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மேலே தேடினேன்.

அடுத்த சனிக்கிழமை, அலுமாரிக்கு அடியில் ஒடுக்கமான நீளப் புத்தகம் ஒன்று அகப்பட்டது. தோல் அட்டையைக் கறையான் பாதி தின்றிருந்தது. மன்னார் வீதியில் செத்தவர்களைப் புதைத்துத் தாட்ட இடாப்பு. எல்லாம் இங்கிலிஷில். திகதி, பெயர், ஆணா பெண்ணா, வயது, எதனால் செத்தார், எங்கே தாட்டது என்று கோடுபோட்டுப் பிரித்திருந்தது. கடைசி நிரலில், தாட்டவர் யார் என்ற இடத்தில், முதற் பக்கத்திலேயே பூட்டனின் பெயர் இருந்தது.

உடையார் என்ற முறையில் சாட்சிக்கு நின்றிருப்பார் என்று நினைத்தேன். அடுத்த பக்கத்திலும் அதே பெயர். அதற்கடுத்ததிலும் அதே பெயர். ஓரிடத்தில் எழுதியவர் விளக்கமாகவே எழுதியிருந்தார்: இந்தப் பகுதியில் குழி வெட்டிப் புதைப்பதற்காக மாதச் சம்பளத்துக்கு வைத்திருக்கும் ஆள். பக்கத்தில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு புள்ளடி. பூட்டனுக்கு எழுதத் தெரியாது.

அரசாங்கச் சம்பளம் என்றது இதைத்தான்.

 எங்கள் ஊர்களில் சவக்குழி வெட்டுவதற்கென்று வேறு ஆட்கள் இருந்தார்கள். அவர்களை எங்கள் வீட்டுப் படலைக்கு உள்ளே விடமாட்டோம். இது வெளியில் தெரிந்தால் கலியாணம் போய்விடும், கந்தோரில் சிரிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். சொந்தக்காரர்களே விட்டுவிட்டு ஓடிய கொலராச் சவங்களை ஒரு மனிதர் தொட்டுத் தூக்கித் தாட்டிருக்கிறாரே என்று அந்த நேரம் ஒரு கணம்கூட எனக்குத் தோன்றவில்லை.

எத்தனை பக்கத்தில் அவருடைய பெயர் இருக்கிறது என்று பார்க்கத்தான் புரட்டினேன். அப்படிப் புரட்டும்போது அந்தப் பெண்ணைக் கண்டேன். வயது இருபது மதிப்பு. பிள்ளைப்பேற்றில் மரணம். ஓரத்தில் சிறிய எழுத்தில், ‘ஆண் குழந்தை உயிருடன் உள்ளது, தகப்பன் கொண்டு சென்றான்’ என்று எழுதி, தகப்பனின் பெயரும் இருந்தது. என் மேசைத் துண்டில் இருந்த அதே இரண்டு பெயர்கள். கடைசி நிரலில் என் பூட்டன்.

பிரதி எழுதுவதென்றால் எல்லா நிரலையும் எழுத வேண்டும், ஒன்றையும் விட முடியாது. எழுதியதை இடாப்போடு ஒத்துப் பார்த்துத் தலைமைக் கிளாக்கர் ஒப்பமிட வேண்டும். பூட்டனின் பெயர் அவருக்கு நன்றாகத் தெரியும். நான்தான் தெரியப்படுத்தியிருந்தேன். இடாப்பை மூடி, அலுமாரிக்குப் பின்னால், சுவரோடு சேர்த்துச் செருகினேன். கை கால் கழுவிக்கொண்டு தங்கியிருந்த அறைக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

ஒரு கிழமைக்குள் அவர் மூன்றாம்முறை வந்தார். இந்தத் தடவை ஒரு பனையோலை உமலில் மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்திருந்தார்.

“வெசாரணைக்குத் திகதி போட்டுட்டாங்க ஐயா. ஏதும் அகப்பட்டுச்சுங்களா?”

“இல்லை. எல்லாம் பாத்திட்டன்.”

“பின்னாடி ரூம்புல பழைய கட்டு கெடக்குதுன்னாங்க…”

“அதுக்குள்ளையும் பாத்தனான். அப்பிடி ஒரு பதிவு இல்லை.”

 “ஐயா எனக்காகச் செரமப்பட்டுட்டீங்க,” என்றார். உமலை மேசைக்குப் பக்கத்தில் வைத்தார். “நம்ம கொல்லையில வெளஞ்சது. நல்லா வேகும்.”

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாங்கிக்கொண்டேன். நான் தங்கியிருந்த வீட்டு அம்மா அதை அவித்து, சம்பலோடு தந்தா. அவர் சொன்னதுபோலவே நன்றாக வெந்திருந்தது. நான் இரண்டாம்முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். இத்தனை வருஷத்தில் நான் செய்த பல பிழைகளுக்குச் சமாதானம் கண்டுபிடித்திருக்கிறேன். அந்த இரண்டாவது கோப்பைக் கிழங்குக்கு ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

கலியாணம் நடந்தது. மனைவியைக் கூட்டிக்கொண்டு வவுனியாவில் ஒரு வீட்டுக்கு வந்தேன். சந்தோஷமாக இருக்க வேண்டிய காலம். ஆனால் கந்தோருக்குள் காலையில் நுழையும்போதெல்லாம் பின்னறைக் கதவுதான் முதலில் கண்ணில் பட்டது. யாராவது உள்ளே போனால், வெளியே வரும்வரை அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடாப்பை ஒளித்து நாலு மாசம் போனபின், தலைமைக் கிளாக்கர் லீவில் நின்ற ஒரு நாள், இடாப்பை எடுத்து எல்லா நிரலையும் ஒன்றும் விடாமல் பிரதி எழுதினேன். ஒப்பத்தைப் பிறகு வாங்கலாம், முதலில் ஆளிடம் சொல்லிவிடுவோம் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் மாங்குளத்துக்குப் போய், ஒரு சைக்கிளை இரவல் வாங்கி மல்லாவிப் பக்கம் மிதித்தேன். காடு வெட்டுகிற மலைநாட்டு ஆள் என்று விசாரித்ததில் காணி தெரிந்தது.

கொட்டிலுக்குக் கதவு இல்லை. உள்ளே அடுப்புக் கல்லு மட்டும் இருந்தது. பக்கத்துக் காணியில் வெங்காயத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒரு மனுசி வந்து, “ஆரைத் தேடுறியள்?” என்று கேட்டா. சொன்னேன்.

“அவை போட்டினம். காணி இல்லையெண்டு சொல்லிப்போட்டாங்கள். பிறகு பொலிசும் வந்து துண்டு கேட்டுக் கரைச்சல் குடுத்தது. மதவாச்சியிலை ரயில் மாறித் தலைமன்னார்க் கப்பலுக்குப் போனவை. ரெண்டு மாசம் இருக்கும்.”

“இந்தியாவிலை எந்த ஊர்?”

“நானும் கேட்டனான். அந்த மனுசனுக்கே தெரியேல்லை. அங்கை இறங்கினபிறகுதான் பாக்கவேணும் எண்டார்.”

பிரதி என் சட்டைப்பையில் இருந்தது. அதை அனுப்புவதற்கு உலகத்தில் ஒரு விலாசம் இருக்கவில்லை.

திங்கட்கிழமை இடாப்பைத் தலைமைக் கிளாக்கரின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். பெண்ணின் பதிவைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டு, விரலை ஒவ்வொரு நிரலாக நகர்த்தி வாசித்தார். கடைசி நிரலில் விரல் நின்றது.

“இது உம்மடை பூட்டன்ரை பேரெல்லே?”

“ஓம்.”

 அவர் சிரிக்கவில்லை. “நல்ல மனுசனாய் இருந்திருக்கிறார்,” என்றார். பிறகு பெண்ணின் பதிவுக்குத் திரும்பினார். “அந்த மலைநாட்டு ஆள் கேட்டது இதைத்தானே? எப்ப எடுத்தனீர்?”

“நாலு மாசத்துக்கு மேலை, சேர்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏன் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. இடாப்பை எடுத்துத் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டினார். அதன்பிறகு தேடச் சொல்லி எந்தப் பதிவையும் என்னிடம் தரவில்லை. சில மாசத்தில் என்னை வேறு பகுதிக்கு மாற்றினார்கள். மாற்றம் கேட்டது நானா அவரா என்று வீட்டில் சொல்லவில்லை.

மனைவியிடம் இதைச் சொல்ல எனக்கு எட்டு வருஷம் ஆனது. அறுபதுகளில், இந்தியாவுக்கு ஆட்களை அனுப்புவது பற்றிய செய்தியை ஒருநாள் அவ பேப்பரில் வாசித்துச் சொன்னா. அப்போது வாயில் வந்துவிட்டது. குசினி வாசலில் கதிரையைப் போட்டு இருந்தபடி முழுவதையும் சொன்னேன். கறிக்கு வெட்டிக்கொண்டிருந்த கத்தரிக்காயை வைத்துவிட்டுக் கேட்டா.

“என்ரை அப்பா உங்கடை பூட்டனைப் பற்றி ஒரு நாளும் ஒருத்தரையும் கேக்கேல்லை,” என்றா. “மாப்பிள்ளை நேர்மையான பெடியனோ எண்டுதான் தரகரைக் கேட்டவர்.”

 பிறகு அவ கேட்டா: “அந்தப் பிள்ளைத்தாச்சியின்ரை பேர் என்ன?”

சொன்னேன். அந்தப் பெயரை ஒருமுறை மெதுவாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தா.

“வந்து கேட்டவரின்ரை பேர்?”

யோசித்தேன். பாட்டியின் பெயர், தாத்தாவின் பெயர், கொட்டகை இருந்த இடம் எல்லாம் நினைவில் இருந்தன. மூன்றுமுறை என் மேசைக்கு முன்னால் வந்து நின்றவருடைய பெயரை நான் கேட்டிருக்கவேயில்லை.

“தெரியாது,” என்றேன்.

அவ கத்தரிக்காயை எடுத்து மறுபடி வெட்டத் தொடங்கினா.