ஞாயிற்றுக்கிழமை கழற்றிய வால்வு

அறையில் இருந்தவர்கள் இவர்கள். மேசைக்கு அந்தப் பக்கம் சர்வீஸ் மேனேஜர். இந்தப் பக்கம் நான். பக்கத்து நாற்காலியில் என் வீட்டுக்காரி. கதவை ஒட்டி, கம்பெனி சட்டையில், அவள் தம்பி. கண்ணாடிக்கு வெளியே என் கார், முன்பக்கம் திறந்து, இன்ஜினைப் பிரித்துப் போட்டபடி. அதையும் ஒரு ஆளாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பேச்செல்லாம் அதைப் பற்றித்தான்.

மேனேஜருக்கு ஒன்று தெரியாது. கதவோரம் நிற்கும் அந்த மெக்கானிக் எனக்கு மச்சான் என்பது.

இது நடந்து சில வருஷம் ஆகிறது. மச்சான் இப்போது கடலூரில் இல்லை. தானாகவே வேலையை விட்டு வெளிநாடு போய்விட்டான். அதனால் எழுதலாம்.

நான் மேல்பட்டாம்பாக்கம். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. அப்பா கரும்பு வைத்தார். எனக்கு ஒரு இடத்தில் நிற்க வராது, டிரைவர் ஆனேன். பல வருஷம் அடுத்தவன் வண்டி. பிறகு ஃபைனான்ஸில் ஒரு கார், வாடகைக்கு ஓட்ட. கல்யாணத்துக்கும் அதுதான், ஆஸ்பத்திரிக்கும் அதுதான். வண்டி ஓடினால் வீடு ஓடும். நின்றால் ஃபைனான்ஸ்காரன் வருவான்.

இன்ஜினுக்கு ஒரு லட்சம் கிலோமீட்டர் வரை வாரண்டி. அதற்குச் சில நூறு பாக்கி இருக்கும்போது, நெல்லிக்குப்பம் தாண்டி வந்துகொண்டிருந்தேன். ஹீட்டு முள் மேலே ஏறியது. ஓரம் கட்டினேன். ஆறியதும் இறங்கியது. மறுபடி ஓட்டினால் மறுபடி ஏறியது.

அப்போது வைகாசி. வரிசையாக முகூர்த்தம். எல்லாத்துக்கும் அட்வான்ஸ் வாங்கியிருந்தேன். மச்சானுக்குப் போன் போட்டேன்.

"கம்பெனிக்கு எடுத்தா மூணு நாளு உள்ள வச்சிக்குவாங்க மாமா. நாளைக்கு வண்டி சொல்லியிருக்கியே, இன்னா பண்ணுவ? ஞாயித்துக்கெழம தான, நானே வரேன்."

வந்தான். வீட்டு வாசலிலேயே முன் மூடியைத் தூக்கினான். நான் டார்ச் பிடித்தேன். வால்வு ஒட்டிக்கொண்டது என்றான். தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் சின்ன வால்வு. இன்ஜின் சூடானால் திறக்கும், இல்லாவிட்டால் மூடியிருக்கும்.

"புதுசு வாங்கணுமா மச்சான்?"

"எதுக்கு? குளிர் ஊருக்காரன் கண்டுபுடிச்சது இது. நம்ம ஊரு வெயிலுக்கு இன்ஜினத் தனியா சூடு பண்ணணுமா? லாரிக்காரங்க எல்லாம் வண்டி வாங்கின மாசமே கழட்டிப் போட்டுடுவாங்க. முதுநகர் பட்டறையில நான் எத்தன கழட்டியிருக்கேன்!"

கம்பெனிக்குப் போகும் முன் அவன் கடலூர் முதுநகரில் ஒரு பட்டறையில்தான் இருந்தான். அங்கே கற்ற கை. வால்வை மூடியிருந்த மேல் மூடியின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தான். சூடு இன்னும் இருந்தது. வால்வைப் பிடுங்கி ஜன்னல் கட்டையில் வைத்தான். மூடியைத் திரும்பப் போட்டு, தண்ணீர் ஊற்றி, ஓட்டிப் பார்த்தோம். முள் அடியிலேயே கிடந்தது.

"பாத்தியா மாமா, ஐஸ்ல வச்ச மாதிரி."

என் வீட்டுக்காரி மீன் குழம்பு வைத்திருந்தாள். இரண்டு தட்டு சாப்பிட்டான். காசு கொடுத்தேன், கையைத் தட்டிவிட்டான். போகும்போது சொன்னது இது ஒன்றுதான்.

"நான் கை வச்சேன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லிடாத. வெளிய வேல பாத்தா தூக்கிடுவாங்க."

அந்த வாரம் மீட்டர் ஒரு லட்சத்தைத் தொட்டது. என் வீட்டுக்காரி வண்டிக்குத் தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்தாள். வாரண்டி அன்றோடு முடிந்தது என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

பிறகு சிதம்பரம் கல்யாணம். மேல வீதியில் மண்டபம். தாலி கட்டி, சாப்பிட்டு, பெண்ணையும் மாப்பிள்ளையையும் முதுநகரில் மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். முன்னால் பூ ஜோடனை. பின்னால் பெண்ணும் மாப்பிள்ளையும். முன் சீட்டில் மாப்பிள்ளையின் அத்தை, மடியில் குத்துவிளக்கு.

புதுச்சத்திரம் பக்கத்தில் ஒரு சத்தம். டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி. பிறகு ஒன்றும் இல்லை. வண்டி தானாக உருண்டு நின்றது. முள் அப்போதும் அடியில்தான் கிடந்தது.

"இன்னாப்பா?" என்றாள் அத்தை.

"இன்ஜின் உக்காந்துடுச்சும்மா."

"இன்ஜின் உக்காந்துடுச்சா? நல்ல நேரம் முடியறதுக்குள்ள பொண்ணு வீட்டுக்குள்ள கால வைக்கணும். நீ உக்காந்துடுச்சுன்ற!"

மாப்பிள்ளை சிரித்தான். "உடு அத்த, அதுவும் காலையிலேருந்து சுத்துது. கல்யாணச் சாப்பாடு வேற."

"நீ பேசாத. தாலி கட்டி ரெண்டு மணி நேரம் ஆவல, அதுக்குள்ள வாயப் பாரு. ஏம்ப்பா டிரைவரு, வண்டிய வச்சிருக்கியா, இல்ல பொட்டிக்கடையா?"

வெயிலில் அந்தப் பெண் பட்டுப்புடவையோடு ரோட்டில் நின்றாள். ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தி ஏற்றிவிட்டேன். மூட்டை வைத்திருந்த கிழவர் ஒருவர் எழுந்து பெண்ணுக்கு இடம் கொடுத்தார். அத்தை குத்துவிளக்கோடு ஏறும்போது திரும்பி என்னைப் பார்த்தாள். வாடகை கேட்க எனக்கு முகம் இல்லை.

காரைக் கட்டி இழுத்துக் கடலூர் சர்வீஸ் சென்டரில் விட்டார்கள். உள்ளே நுழையும் முன்பே மச்சான் போன்.

"இங்க என்னத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத மாமா."

சரி என்றேன்.

இன்ஜினைப் பிரிக்கும் வேலை அவனிடமே வந்தது. பக்கத்தில் ஃபோர்மேன் நின்றார். அதனால் மறைக்க முடியவில்லை. வால்வு இருக்க வேண்டிய இடம் காலி. இன்ஜினின் மேல்பாகம், ஹெட், சூட்டில் வளைந்துவிட்டது. தண்ணீர் முதலிலிருந்தே வேறு இடத்தில் கசிந்திருக்கிறது. வால்வை எடுத்ததும் இன்ஜின் குளிர்ச்சியாக ஓடியது. கோளாறு சரியாகிவிட்டது என்று நாங்கள் நினைத்தோம். முள் காட்டுவது தண்ணீரின் சூட்டைத்தான். தண்ணீரே இல்லாதபோது அதற்கு எதுவும் தெரியவில்லை. அவர்கள் சொன்ன தொகை, கார் எடுக்கும்போது நான் கையிலிருந்து கட்டியதைவிட அதிகம்.

அதன் பிறகு தினமும் போனேன். உட்காரச் சொல்வார்கள். ஏசி, சோபா, பேப்பர் கப்பில் காபி. உட்கார்ந்தால் கால் தானாக ஆடும். எழுந்து கேட்டுக்குப் போவேன். திரும்பி வந்து கண்ணாடி வழியாகக் காரைப் பார்ப்பேன். மறுபடி கேட்டு. வாட்ச்மேன் ஒருநாள், "அண்ணே, நீ ஒரு எடத்துல நில்லு, எனக்குத் தல சுத்துது" என்றார். வீட்டிலும் அப்படித்தான். மற்ற டிரைவர்கள் வண்டி சத்தம் தெருவில் கேட்டால் எழுந்து வெளியே போய்ப் பார்ப்பேன். எதற்கென்று தெரியாது. மச்சான் சர்வீஸ் சென்டரில் என் பக்கமே திரும்பவில்லை. போனும் எடுக்கவில்லை.

கடைசி நாள் என் வீட்டுக்காரியும் வந்தாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவனே சொல்லுவான். சொல்லலன்னா நான் சொல்லுவேன்."

"உன் தம்பி."

"வண்டி போச்சுன்னா சோறு அவனா போடுவான்?"

அப்படித்தான் அந்த அறையில் உட்கார்ந்தோம். மேனேஜர் இந்த ஊர்க்காரர்தான். கெட்டவர் இல்லை.

"ஒரு லட்சம் தாண்டி ரெண்டு வாரம்கூட ஆவல சார்," என்றேன். "இன்ஜினுக்கு அது தெரியுமா?"

"இன்ஜினுக்குத் தெரியாதுண்ணே. கம்ப்யூட்டருக்குத் தெரியும்."

"அதுக்கு முன்னாலயே ஹீட்டு ஆச்சு சார்."

"அப்பவே ஏன் வரல?"

நான் கண்ணாடி வழியாகக் காரைப் பார்த்தேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்தார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த வால்வ யாரு கழட்டுனது?"

"அதுக்கும் வாரண்டிக்கும் இன்னா சார் இருக்கு?"

"இருக்கு. நீங்களோ வெளி மெக்கானிக்கோ கை வச்சிருந்தா இத்தோட முடிஞ்சுது. மொத்தமும் உங்க செலவு. என் ஆளு எவனாவது சைடுல வந்து கழட்டியிருந்தா வேற கத. வாரண்டி இருக்கும்போதே எங்க ஆளுகிட்ட கம்ப்ளைண்ட் வந்துடுச்சுன்னு ஆவுது. நானே மேல பேசி இன்ஜின் போட்டுத் தருவேன், உங்களுக்குச் செலவு இல்லாம."

"அந்த ஆளு?"

"அன்னிக்கே வெளிய. வேற எந்தக் கம்பெனியிலயும் சேக்க மாட்டாங்க." கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "ஃபோர்மேனுக்கு சந்தேகம். போல்ட்ல ஒரு கீறல் இல்லியாம். பட்டறக்காரன் கழட்டுனா அப்பிடி இருக்காதாம்."

நான் மச்சானுக்காகக் காத்திருந்தேன். அவனே சொல்லட்டும் என்று. அவன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு தட்டு மீன் குழம்பு ஞாபகம் வந்தது. எனக்கு அவன் மேல் இரக்கம் வரவில்லை. அறையலாம் போல இருந்தது.

அப்போது பக்கத்தில் வளையல் அசைந்தது. என் வீட்டுக்காரி மூச்சை இழுத்தாள். அவள் பேசப்போகும் முன் அப்படித்தான் இழுப்பாள். சொல்லிவிட்டால் தம்பிக்கு வேலை போகும். அவளுக்கு அம்மா வீடு போகும். நல்லது கெட்டதுக்கு அந்தப் படி ஏற முடியாது. அவள் அம்மாவுக்கு அவன் ஒரே பையன்.

"நான்தான் சார் கழட்டுனேன்," என்றேன்.

அவள் மூச்சு அப்படியே நின்றது. மேனேஜர் சிரித்தார்.

"நீங்களா? ஸ்பேனர் புடிச்சிருக்கீங்களா அண்ணே?"

"இத்தன வருஷம் வண்டி ஓட்றேன் சார்."

"ஓட்றது வேற." எழுந்து போய்க் கண்ணாடித் திரையை இழுத்துவிட்டார். கார் மறைந்தது. "நீங்க கழட்டியிருந்தா இது தெரியும். தெரியலன்னா யாரையோ காப்பாத்துறீங்க. அப்புறம் உங்க வீட்டுக்காரம்மாவத்தான் நான் கேப்பேன். அவங்க சொல்லிடுவாங்க போல இருக்கு."

"கேளுங்க சார்."

"அந்த வால்வு மூடி எத்தன போல்ட்ல நிக்குது?"

மச்சான் தலையைத் தூக்கினான். விடை சொல்ல எனக்கு அவன் முகம் தேவைப்படவில்லை. மேசைக்கு அடியில் கையை விரித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை டார்ச்சை ஒரு கையில் பிடித்து, இன்னொரு கையை நீட்டியிருந்தேன். ஒவ்வொன்றாக வைத்தான். சூடு.

"மூணு சார்," என்றேன்.