அடுப்புக்குள் போன நெருப்பு

கழிவுநீர் நிலையத்தில் அவளை எல்லோரும் ‘வால்வக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஊர்ச் சாக்கடையும் சந்தைக் குப்பையும் மூடிய தொட்டிகளில் புளித்து எரிவாயுவாகும். ஊழியர் குடியிருப்பின் அடுப்புகளில் எரிந்தது அதுதான். காற்றாலை மின்சாரம் மிஞ்சும் நாட்களில் அதைக்கொண்டு தண்ணீரைப் பிரித்து, கிடைக்கும் ஹைட்ரஜனையும் தொட்டிக்குள் விடுவார்கள். உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று இன்னும் எரிவாயு தரும். எவ்வளவு விடுவது என்பது வால்வக்காவின் கையில்.

அந்த வாரம் தொட்டி சரியில்லை. சலவை ஆலையின் கழிவு வந்து நுண்ணுயிர்களைச் சோர வைத்திருந்தது. அன்று காலையோ காற்று பேயாக அடித்தது.

“கரண்ட் சும்மா வீணாப் போகுது. கொஞ்சம் தாராளமா விடுங்கக்கா” என்றாள் இன்ஜினியர் பெண்.

வால்வக்காவுக்கு மனம் ஒப்பவில்லை. வெளியேறும் வாயுவில் ஹைட்ரஜன் எவ்வளவு என்று காட்டும் மீட்டரைப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்கு என்று காட்டியது. திறந்துவிட்டாள்.

மதியம் கணவர் போன் செய்தார். வீட்டிலேயே தைப்பவர், சமையலும் அவர்தான்.

“என்ன கேஸ் அனுப்புற நீ? அடுப்பு டப்பு டப்புங்குது. தீ எரியுதா இல்லையான்னே தெரியல. உன் தொட்டிக்கும் என்மேல கோவமா?”

அவளுக்குப் புரிந்துவிட்டது. தின்னப்படாத ஹைட்ரஜன் அப்படியே குழாயில் போய்க்கொண்டிருக்கிறது.

“அணைச்சிட்டு வெளிய வாங்க. யாரும் அடுப்பு பத்த வைக்கக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லுங்க!”

வால்வை மூட ஓடினாள். இன்ஜினியர் பெண் ஒரு கேள்வியும் கேட்காமல் குடியிருப்புக் குழாயை அடைத்துச் சைரனை அழுத்தினாள். மீட்டர் அப்போதும் ஒழுங்கு என்றே காட்டியது.

கணவர் வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டு போனார். கடைசி வீடு லாரி டிரைவருடையது. கதவில் கை படுமுன் உள்ளே வெடித்தது.

டிரைவரின் மனைவி, நின்று எரியாத அடுப்பைத் திரும்பத் திரும்பப் பற்றவைத்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் ஹைட்ரஜனின் வேகத்தில் தீ பர்னருக்குள் இறங்கி அணைந்து, எரிவாயு மட்டும் அறையில் சேர்ந்திருந்தது. உயிர் தப்பியது. வலது கை வெந்துபோயிற்று.

பழுது மீட்டரில் என்றது விசாரணை. புதியதை மாட்டினார்கள். நிலையம் மறுபடி ஓடுகிறது. வால்வக்காவும் வேலைக்குப் போகிறாள்.

விடுமுறை நாட்களில் டிரைவர் வீட்டுக்குப் போய்க் காய் நறுக்கிக் கொடுக்கிறாள். டிரைவரின் மனைவி அவளைத் திட்டியதில்லை, ஆறுதல் சொன்னதுமில்லை. போன வாரம் மட்டும் கேட்டாள்:

“ஏன்க்கா, இனிமே அப்படி ஆகாதுல்ல?”

வால்வக்கா கத்தியைக் கீழே வைத்தாள்.

“அடுப்பு சத்தம் போட்டா, எதையும் தொடாம வெளிய ஓடிடு” என்றாள்.